ஓரம் விட்டுத் தைத்த ஊர்

என் கல்யாணத்தன்று முகூர்த்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் பழைய ஜாக்கெட்டின் மேல் பட்டுச் சேலையைச் சுற்றிக்கொண்டு மணப்பெண் அறையில் உட்கார்ந்திருந்தேன். புது ஜாக்கெட் மண்டபத்துக்கு வந்துவிட்டது, என் கைக்குத்தான் வரவில்லை. கொண்டுவந்த டெய்லரே அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அதை மடியில் விரித்து, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். “ஒரே ஒரு தையல் பாக்கிங்க. கைப்பட்டி ஒரு நூலு ஏறியிருக்குது” என்றார் என் அம்மாவிடம். வெளியே மேளக்காரர்கள் வாசித்ததையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அவரைத் திட்டியதில் பாதியை இங்கே எழுத முடியாது. அவர் தலையை நிமிர்த்தாமல், “திட்டுங்க, ஆனா வெளிச்சத்த மறைக்காதீங்க” என்றார்.

அந்த ஜாக்கெட்டில் குறை சொல்ல இன்றுவரை எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

ஏற்காடு பஜாரில் டெய்லர் அண்ணன் என்றால் எல்லோருக்கும் தெரியும், பெயரைச் சொன்னால்தான் தெரியாது. கல்யாணமாகி நானும் என் கணவரும் ஜெராக்ஸ் கடை போட்டபோது கிடைத்தது அவர் கடைக்கு அடுத்த இடம். நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். அவரைத் திட்ட வருகிறவர்கள் திட்டி முடித்துவிட்டு, வந்தது வந்தோம் என்று என்னிடம் ரேஷன் கார்டையோ ஆதாரையோ ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போவார்கள். அவருடைய தாமதத்தில் எனக்கு நல்ல வியாபாரம் நடந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

சோம்பேறி என்று அவரைச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். காலையில் நாகலூரிலிருந்து வரும் பஸ்ஸில் இறங்கி உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார். தைப்பது சடசடவென்று நடக்கும். முடிப்பதுதான் நடக்காது. தைத்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார், பிறகு “ம்ஹூம்” என்று பிரித்துவிடுவார். ஒருமுறை எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் பொறுமை இழந்து, அண்ணன் டீ குடிக்கத் திரும்பிய நேரத்தில் தன் பேண்ட்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். அண்ணன் ஊசியும் கையுமாகப் பின்னாலேயே ஓடி, பஸ்ஸில் ஏறி, கொட்டச்சேடு போகும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து அடிமடிப்பைத் தைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார். “அந்தாளு அத போட்டுட்டு நடந்திருந்தா எனக்குச் சோறு எறங்காது அம்மிணி” என்றார் என்னிடம். அந்த ரைட்டருக்கு அன்றைக்கு என்ன இறங்கியது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்டவர் கையில்தான் ஒரு ரயில் வந்து சேர்ந்தது.

அவருக்கு ஒரே மகள், கவிதா. நர்ஸிங் படித்து ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போனவள். முதல் லீவில் வந்தபோது அப்பாவுக்கு ஸ்வெட்டர், சாக்லேட்டோடு ஒரு பெட்டியும் கொண்டுவந்தாள். உள்ளே சிவப்பு எஞ்சின், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான மூன்று பெட்டிகள், வட்டமாகப் போடத் தண்டவாளம். அவள் தினமும் வேலைக்குப் போகும் வண்டி அதே சிவப்புதானாம். ஏற்காட்டில் ரயிலே கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் மலை இறங்கிச் சேலத்துக்குத்தான் போக வேண்டும். அதனால் துணி வெட்டும் மேசையில் வண்டி ஓடிய அன்று பாதி பஜார் அவர் கடையில் நின்றது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “வெறும் பலகையில ஓடுதே, பாவமா இருக்குது” என்றார்.

மறுநாள் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பச்சை வெல்வெட் புல் முளைத்திருந்தது. அதோடு அவருடைய நிம்மதி போயிற்று, எங்களுடையதும்தான்.

கவிதாவின் ஊரையே கட்டிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். அவளுக்குக் காலை என்றால் நமக்கு மத்தியானம். அவள் போனில் வீடியோ போட்டுக்கொண்டே ஸ்டேஷனுக்கு நடப்பாள். இவர் இங்கிருந்து, “கொஞ்சம் திருப்பு சாமி, அந்தக் கூரை தெரியல. செத்த நில்லு, ஜன்னல எண்ணிக்கறேன்” என்பார். அங்கே வண்டி கிளம்பிக்கொண்டிருக்கும், அவள் ஓடுவாள், போனில் வானமும் ரோடும் மாறி மாறித் தெரியும். அதையும் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பார். வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டம் தெரியும் வீடுகள், சரிவான கூரைகள், ஊசிக் கோபுரத்தோடு ஒரு சர்ச், ஒரு ஆறு என்று ஊர் வளர்ந்தது. ஆறு, சுடிதாருக்கு வந்த நீல லைனிங். மரங்களெல்லாம் சில்வர் ஓக் மரத்திலிருந்து சுரண்டிய பாசி. ஜாக்கெட் கொக்கிகளை வளைத்துச் சைக்கிள் செய்தார், அதில் ஒன்றை நான் கவனிக்காமல் பெருக்கித் தள்ளிவிட்டு மூன்று நாள் பேச்சு வாங்கினேன். கடை போர்டுகளைச் சின்னதாக்கிக் கலரில் அடித்துக் கொடுப்பது என் வேலை. ஜெர்மன் மொழியில் எனக்குப் படிக்கத் தெரிந்த சொற்கள் மருந்துக் கடை, ரொட்டிக் கடை, சைக்கிள் நிறுத்தாதே என்பவைதான்.

ஜனங்களுக்கு உடுப்பு வேறு. குண்டூசித் தலையில் முகம் வரைந்த மனிதர்களுக்கு ஒவ்வொருவராகக் கோட்டு தைத்தார். “இத்தூண்டு ஆளுக்கு எதுக்குண்ணா பாக்கெட்டு?” என்று கேட்டேன். “கை வெறைக்குமில்ல, எங்க வைப்பான்?” என்றார்.

ஒரு டிசம்பரில் கவிதா போனைத் திருப்பியபோது ஊரே வெள்ளையாக இருந்தது. அண்ணன் தலையணையைப் பிரித்துப் பஞ்சை எடுத்து ஊர் முழுக்கப் பனி பொழிய வைத்தார். கூரைக்குக் கூரை, கிளைக்குக் கிளை ஒட்டி முடிக்கும்போது மார்ச் வந்துவிட்டது. அங்கே பனி கரைந்து பூப் பூத்துவிட்டது. அவ்வளவு பஞ்சையும் ஊசியால் கிள்ளிக் கிள்ளி எடுத்தார். “பனி அப்படியே இருக்கட்டும்ணா, மறுபடி டிசம்பர் வராமலா போயிரும்?” என்றதற்கு, “என்ற புள்ள வெயில்ல நடந்து போறா, நான் அவள பனியில நிக்க வைக்கறதா?” என்று சண்டைக்கு வந்தார்.

ஓட்டுகிற விதமும் ஒரு மாதிரிதான். வேகத்தைக் கூட்டிக் குறைக்க வண்டியோடு வந்த திருகு அவர் கைக்குப் படியவில்லை. ஒன்று வண்டி நகராது, இல்லையென்றால் பாய்ந்து போய் ரொட்டிக் கடையில் முட்டும். பஜார் எலக்ட்ரீஷியனைப் பிடித்து, தையல் மிஷின் மோட்டாரின் கால் பெடலை அதற்கு மாட்டச் சொன்னார். அவன் ஏதோ ஒயர்களை மாற்றி மாட்டியும் கொடுத்தான். அதன்பிறகு பார்க்க வேண்டும். பட்டு ஜாக்கெட்டின் கழுத்து வளைவில் போவதைப்போல வண்டி வளைவுகளில் மெத்தென்று திரும்பும், பிளாட்பாரத்தில் ஒரு குலுக்கல் இல்லாமல் நிற்கும். அவர் முகத்தில் அப்போது இருக்கும் சந்தோஷத்தைப் பார்த்தால் தைக்கக் கொடுத்த துணியைக் கேட்க யாருக்கும் மனசு வராது.

எல்லாம் சரி, கவிதாவுக்கு மட்டும் அதைக் காட்டவில்லை.

இதை நான் சொல்லும்போது யாரும் நம்புவதில்லை. அடுத்த இரண்டு லீவுக்கும் அவள் இன்னொரு எஞ்சினும் புதுப் பெட்டிகளும் தண்டவாளமும் வாங்கிக்கொண்டு வந்தாள். அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டார். கடையில் இடம் போதாமல் ஊர் இரண்டு பலகையாகியிருந்தது. பாதி கடையின் பின்பக்கம் இருந்தது, ஆஸ்பத்திரிப் பக்கம். ஸ்டேஷன் பக்கம் நாகலூர் வீட்டில், கவிதாவின் அறையிலேயே இருந்தது. இரண்டையும் பெட்ஷீட்டால் போர்த்தி, “இன்னும் முடியல சாமி, பாக்காத” என்று சத்தியம் வாங்கிவிட்டார். அவள் தன் அறையில் இடமில்லாமல் ஹாலில் படுத்து எழுந்து ஜெர்மனிக்குத் திரும்பிப் போனாள். நானாக இருந்தால் பெட்ஷீட்டைத் தூக்கிப் பார்த்திருப்பேன். அவள் அப்பா பேச்சைத் தட்டாத பெண். அண்ணனின் மனைவி, டெய்லர் அக்காதான் என் கடையில் வந்து உட்கார்ந்து புலம்புவார். “அந்தப் புள்ள ஏக்கமா அந்தக் கதவையே பாத்துட்டுப் போகுது. இந்த மனுசனுக்குக் கல்லு மனசு.”

அதற்கும் அடுத்த லீவில்தான் ஒரு வழி பிறந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் வருடாவருடம் பொழுதுபோக்குக் கண்காட்சி ஒன்று நடக்கும். தபால்தலை, போன்சாய், பழைய ரேடியோ என்று வைப்பார்கள். அண்ணன் ஏற்கெனவே இரண்டு வருடம் மேசை கேட்டுவிட்டுக் கடைசி நேரத்தில் “முடியலைங்க” என்று கைவிரித்தவர். இந்த முறை கண்காட்சிச் செயலாளர் கடைக்கே வந்து, வாசல் எதிரில் பெரிய இடம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார். கண்காட்சியின் முதல் நாளும் கவிதா கிளம்பும் நாளும் ஒன்றாக அமைந்தது. மத்தியானம் டாக்ஸி வரும், சேலம் போய் அங்கிருந்து சென்னை, பிறகு விமானம். அக்கா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். “இந்த வாட்டியும் அவ பாக்காம போனா, அந்த ரயில அடுப்புல வெச்சுருவேன்.” அக்கா செய்யக்கூடியவர் என்பது அண்ணனுக்குத் தெரியும். “காட்டறேன். அவ ஸ்டேசன்ல ஏறி ஆஸ்பத்திரில எறங்கற வரைக்கும் ஒரே ஓட்டமா ஓட்டிக் காட்டறேன்” என்று வாக்குக் கொடுத்தார்.

அன்று காலை லேசான தூறல். வீட்டுப் பாதி, காப்பி மூட்டை ஏற்றும் பிக்கப் வண்டியில் தார்பாய் போர்த்தி நாகலூரிலிருந்து வந்தது. கடைப் பாதியை நானும் என் கணவரும் எலக்ட்ரீஷியனும் தூக்கிக்கொண்டு போனோம். மண்டபத்தில் இரண்டு பலகைகளையும் முதல்முறையாக ஒன்றோடொன்று சேர்த்து வைத்தோம். ஆற்றோடு ஆறு சேர்ந்தது, ரோட்டோடு ரோடு சேர்ந்தது. தண்டவாளம் சேரவில்லை.

இந்தப் பக்கம் இரண்டு விரல் தள்ளி நின்றுவிட்டது, அந்தப் பக்கமும் இரண்டு விரல் தள்ளி நின்றுவிட்டது. நடுவே நான்கு விரல் அகலத்துக்கு வெறும் பலகை.

அண்ணன் முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தார். டேப்பை எடுத்து அளந்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு முதலில் புரியவில்லை, அக்காவுக்குத்தான் உடனே புரிந்தது. துணியை வெட்டுகிறவர் தையல் போடும் கோட்டுக்கு வெளியே ஓரம் விட்டுத்தான் வெட்டுவார். இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்தால் மிச்சம் உள்ளே போய்விடும். இத்தனை வருடம் அந்தக் கை அதையே செய்து பழகியது. பலகையிலும் அவரை அறியாமல் ஓரம் விட்டுத்தான் தண்டவாளத்தை நிறுத்தியிருக்கிறார். துணி மடியும். பலகை மடியுமா?

“ஏனுங்க, நீங்க ரயிலுக்கும் உள்துணி உட்டு வச்சிருக்கறீங்க!” என்று அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். யாரும் சிரிக்காத அந்த நேரத்தில் அந்தச் சிரிப்பு மண்டபம் முழுக்கக் கேட்டது.

பலகையின் ஓரத்தை அறுத்துவிடலாம் என்றான் எலக்ட்ரீஷியன். அடியில் ஒயர், மேலே வீடுகள். ரம்பத்தை வைத்தால் பாதி ஊர் போய்விடும். நான்கு விரல் நீளத்துக்குத் தண்டவாளம் யாரிடமும் இல்லை, அது ஜெர்மனியிலிருந்துதான் வர வேண்டும். செயலாளர் வந்து எட்டிப் பார்த்து, “இன்னும் கொஞ்ச நேரத்துல கதவத் தெறக்கணுமுங்க” என்றார். அண்ணன் எழுந்தார். என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெட்ஷீட்டைத் தேடினார். “முடியலைங்க. அடுத்த வருசம் வெச்சுக்கலாம்.”

“அவளுக்கு யாரு பதில் சொல்றது?” என்றார் அக்கா. பெட்ஷீட்டின் ஒரு முனையை அண்ணன் பிடிக்க, மறு முனையை அக்கா பிடித்து இழுத்தார். “போன மழைக்கு ரோட்டுல மண்ணு சரிஞ்சுதே, நீங்க அன்னைக்குச் சேலத்துலருந்து வராம அங்கயே குடியிருந்துட்டீங்களா?”

ஏற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் கீழேயிருந்து வரும் பஸ் சரிவுக்கு அந்தப் பக்கம் நின்றுவிடும். மேலேயிருந்து ஒரு பஸ் இந்தப் பக்கம் வந்து நிற்கும். ஜனங்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்து அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்வார்கள். திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வீடு போய்ச் சேர்வார்கள்.

அக்கா வெளியே போனார். புடவைத் தலைப்பில் ஈரச் செம்மண்ணும் பொடிக்கல்லும் அள்ளிக்கொண்டு வந்து அந்த நான்கு விரல் இடைவெளியில் கொட்டினார்.

“அடியே, ஜெர்மனியில மண்ணு சரியாதுடி!” என்று அண்ணன் அலறினார்.

“மலையிருந்தா சரியும். அவளே சொல்லியிருக்கறா அங்க மலை இருக்குதுன்னு.”

அண்ணன் அந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். பிறகு குனிந்தார். ஊசி முனையால் மண்ணைக் கீறி நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்று போட்டார். பாசி மரம் ஒன்றைப் பிடுங்கி வேர் மேலே தெரியச் சாய்த்தார். “சரியறதுன்னா ஒழுங்காச் சரியோணுமில்ல” என்று முணுமுணுத்தார். எலக்ட்ரீஷியன் ஒரு ஸ்விட்ச் வைத்து, இந்தப் பக்கம் ஒரு வண்டி, அந்தப் பக்கம் ஒரு வண்டி, மாற்றி மாற்றிப் போய்வரும்படி செய்தான். கோட்டுப் போட்ட குண்டூசி மனிதர்கள் மண் மேட்டில் வரிசையாக நின்றார்கள். ஒருவர் தலையில் மூட்டைகூட இருந்தது. அது நான் வைத்தது.

கதவைத் திறந்தார்கள். ஆற்றையும் சர்ச்சையும் பார்த்து நல்லாயிருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டு வந்த ஜனங்கள், மண் சரிவைப் பார்த்ததும் கூவிவிட்டார்கள். ஒவ்வொருவரும் தான் நடந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அடிவாரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், “இது நம்மூருங்களா, ஜெர்மனிங்களா?” என்று கேட்டார். “ஜெர்மனிதாங்க. நேத்து நொம்ப மழைங்க” என்றார் அண்ணன், பெடலிலிருந்து காலை எடுக்காமல். போன்சாய்க்காரரே தன் மேசையை விட்டுவிட்டு இங்கே வந்து நின்றுகொண்டார்.

கவிதா பயணப் பெட்டிகளோடு வந்தபோது கூட்டம் வழிவிட்டது. மேசை முன்னால் வந்து நின்றாள். ஸ்டேஷன் பெஞ்சைத் தொட்டாள். அதில் ஒரு பலகை உடைந்திருந்தது. “இதுல எப்பவோ ஒரு நாள் உக்காரும்போது கோட்டு கிழிஞ்சுதுன்னு சொன்னேன்” என்றாள். ரொட்டிக் கடை, மருந்துக் கடை, தன் அறை ஜன்னல் என்று விரலாலேயே நடந்து வந்து, மண் மேட்டைக் கடந்து, ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினாள். அண்ணன் அவள் விரல் போகும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்கப்பா, இத்தன நல்லாச் செஞ்சு வச்சுட்டு எங்கிட்ட மட்டும் எதுக்கு மூடி மூடி வச்சீங்க?”

“முடியல சாமி, அதான்.”

“இப்ப மட்டும் முடிஞ்சுருச்சுங்களா? நடுவுல மண்ணு கெடக்குது.”

அவர் பெடலிலிருந்து காலை எடுத்தார். வண்டி நின்றது. “எல்லாத்தையும் பாத்துட்டீன்னா, அப்பறம் எதுக்குச் சாமி வருவே?” என்றார்.

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டதைப்போலக் கீழே குனிந்து ஒயரைச் சரிசெய்ய ஆரம்பித்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நூல் பிசகைப் பொறுக்காத மனிதர் என்று மட்டும்தான் அவரை இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அப்படி ஒரு பாசத்தின்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

கவிதா சிரித்தாள். கண் நிறைந்திருந்தது, இருந்தாலும் நன்றாகவே சிரித்தாள். மேசைக்குப் பின்னால் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “தள்ளுங்க” என்று அவர் காலை நகர்த்திவிட்டுத் தன் காலைப் பெடலில் வைத்து ஒரு மிதி மிதித்தாள். வண்டி பாய்ந்தது. பிளாட்பாரத்தில் நின்ற கோட்டுக்காரர்கள் நாலைந்து பேர் மல்லாந்து விழுந்தார்கள்.

“மெதுவா சாமி, மெதுவா! ஆளுக நிக்கறாங்க!” என்று அண்ணன் கத்த, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

வெளியே டாக்ஸி ஹாரன் அடித்தது. ஒரு முறை, பிறகு இன்னொரு முறை. யாரும் திரும்பாததால் நான்தான் போனேன். டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, “லேட்டாவுதுங்க, அந்தப் புள்ளய வரச் சொல்லுங்க” என்றார்.

“லேட்டானா ஆகட்டுமுங்க” என்றேன். “நீங்க போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க.”